வாசலில் நிற்பவரும் வீட்டுக் காவலும்

அழையாது வந்து வாசலில் நிற்கும் அந்நியர் ஒருவரை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் பிரச்சினை, வீடு என்ற ஒன்று தோன்றிய நாள் முதலே இருந்து வருவதுதான் எனினும், நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் வீடுகளின் அமைப்பும் குடும்பங்களின் அமைப்பும் ஒருங்கே மாறிவிட்டபடியால், அது இன்று முன்னில்லாத தீவிரத்தை அடைந்திருக்கிறது. ஆண்மக்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புக்காகச் சென்றுவிட, பெண்மக்கள் கல்யாணமாகி வெளியூர்களில் குடியேறிவிட, பெரிய வீடொன்றில் அப்பத்தாவும் ஐயாவும் மட்டும் இருவராகத் தங்கியிருக்கும் குடும்பங்கள் ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம் ஆகிய எந்தத் தாலுகாவிலும் இன்று அபூர்வமல்ல. இவர்களுடைய பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. கதவைப் பூட்டு, கம்பி போடு, கேமரா வை, யார் வந்தாலும் திறக்காதே என்பது ஒன்று. வந்தாரை வாழவைத்த மண்ணில் இவ்வளவு சந்தேகம் தகுமா என்று அங்கலாய்ப்பது மற்றொன்று. கதவைத் திறப்பதா, அடைப்பதா என்ற இடத்திலேயே இரண்டும் நின்றுவிடுகின்றன. திறப்பதற்கும் அடைப்பதற்கும் முன்னால் விசாரித்தல் என்ற ஒரு காரியம் இருந்தது; அதைச் செய்வதற்கென்று ஓர் இடமும், ஆட்களும், முறையும் ஊருக்கு ஊர் இருந்தன; அந்த ஏற்பாடு சிதைந்ததே நமது இன்றைய பயத்துக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் துணிபு.

பண்டைத் தமிழரின் வீட்டு வாசல் எப்போதும் அகலத் திறந்தே கிடந்தது என்று எண்ணுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. குறுந்தொகையில் நன்னாகையார் பாடியதாக உள்ள 118-ஆம் பாட்டில், மாலை மயங்கிய வேளையில் பலரும் புகும் வாயிலை அடைக்க வந்த காவலர், உள்ளே வரவேண்டியவர் இன்னும் எவரேனும் உண்டோ என்று கேட்டுவிட்டு அடைக்கும் வழக்கம் குறிக்கப்பட்டிருக்கிறது. கதவு அடைக்கப்படத்தான் செய்தது. ஆனால் அடைக்குமுன் ஒருமுறை கேட்பது சம்பிரதாயமாயிருந்தது. மதுரைக்காஞ்சியோ, நள்ளிரவில் கன்னமிடும் கருவிகளுடன் இருளில் பதுங்கித் திரியும் கள்வரையும், அவர்களுடைய தந்திரங்களையெல்லாம் கற்றறிந்து, மழை கொட்டும் இரவிலும் தெருக்களைச் சுற்றிவரும் ஊர்க்காப்பாளரையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிறது. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய சமுதாயம் இரவுக் காவலையும் அலட்சியம் செய்யவில்லை. அதிதியை உபசரிப்பது வீட்டின் தர்மமாகவும், கள்வரைக் கண்காணிப்பது ஊரின் கடமையாகவும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் தனியாக நின்று இரண்டையும் சுமக்கவேண்டிய நிர்ப்பந்தம் அன்று இல்லை.

ஊரே காவலை ஏற்ற இந்த முறைக்குப் புதுக்கோட்டைச் சீமையைக் காட்டிலும் விரிவான சாட்சியம் தரக்கூடிய பிரதேசம் தமிழகத்தில் அதிகமில்லை. சமஸ்தான அரசு 1929-இல் தொகுத்து வெளியிட்ட கல்வெட்டுப் பாடங்களைப் புரட்டுவோர், பாடிகாவல் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள். பாடி என்பது ஊர். ஊரைக் காப்பதும், அதற்குப் பிரதியாக விளைச்சலில் ஒரு பங்கைப் பெறுவதும் பாடிகாவல். சோழப் பேரரசு தளர்ந்து, பாண்டியர் ஆட்சியும் பிறகு குலைந்து, மத்தியில் வலிமையான அதிகாரம் ஒன்று இல்லாமற்போன பதினான்காம் நூற்றாண்டு முதல், ஊரார் தாங்களே கூடி, தங்கள் பாடிகாவல் உரிமையை ஆயுதபலம் படைத்த அரையர்களுக்கு விற்றும் கொடுத்தும் சாசனம் எழுதியிருக்கிறார்கள். இன்ன ஊரை இன்னார் காப்பது, அதற்கு ஒவ்வொரு வயலிலிருந்தும் இவ்வளவு பெறுவது என்று கோயிற்சுவரில் கல்லில் வெட்டி வைத்தமையால், காவலனுக்கும் குடிக்கும் இடையே இருந்தது ரகசிய ஏற்பாடாக இல்லாமல், ஊரறிந்த ஒப்பந்தமாக இருந்தது.

இச்சாசனங்களில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவை வேறொரு வகையைச் சேர்ந்தவை. ஆயுதம் தாங்கிய இரு கூட்டத்தார், தங்களுக்குள் பகை மூண்டு சண்டையிட நேர்ந்தாலும், உழுகுடிகளையும் வழிப்போக்கர்களையும் தொடுவதில்லை, தொட்டால் அபராதம் செலுத்துவது என்று ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்த கல்வெட்டுகளும் அவற்றுள் உண்டு. வழிப்போக்கன் யார்? எந்த ஊர் என்றும் எந்தக் குலம் என்றும் தெரியாத அந்நியன். அவனுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதை, கத்தியும் வேலுமாக வாழ்ந்த மனிதர்கள், சண்டைக்கு முன்னதாகவே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். இருட்காலம் என்று நாம் எளிதாக ஒதுக்கிவிடும் ஒரு காலத்தில், நமது மாவட்டத்தின் வறண்ட மேட்டு நிலத்தில், இவ்வளவு தெளிந்த ஒரு சமூக நியாயம் வகுக்கப்பட்டிருந்தது என்பதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் எந்த ஸ்தாபனமும் மேற்பார்வையின்றி விடப்பட்டால் கெடும். காவலுக்குக் கூலி கொடாத ஊரில் மாடு காணாமற்போவதும், காணாமற்போன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் துப்புக்கூலி என்று ஒரு தொகை கேட்கப்படுவதும், அத்தொகை கைமாறிய மறுநாள் ஏதோவொரு கண்மாய்க்கரையில் மாடு கட்டிக்கிடப்பதும், தென்மாவட்டங்கள் பலவற்றில் நெடுங்காலம் நடந்துவந்த விஷயம். ஆங்கில அரசு இதற்குக் கண்ட பரிகாரமோ நோயைக் காட்டிலும் கொடியதாயிற்று. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டத்தாலும் 1859-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தாலும் சென்னை ராஜதானியின் பழைய காவல்முறைகள் ஒடுக்கப்பட்டன. பிறகு 1871-இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் இங்கே அமலுக்கு வந்து, ஒரு ஜாதியில் பிறந்த காரணத்தினாலேயே மனிதர்களைக் கைரேகை பதிக்கச் செய்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொல்லிற்று. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் பலியாயின. 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒரு மனிதனின் செயலைப் பார்க்காமல் அவன் பிறப்பைப் பார்த்துக் கள்ளன் என்று முடிவு கட்டும் புத்தி சட்டப்புத்தகத்திலிருந்து நீங்கிவிட்டதேயன்றி, நம் வீட்டு வாசல்களிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

இனி வீட்டின் அமைப்பைப் பார்க்கவேண்டும். மண்சுவரும் கூரையுமாக இருந்த வீடுகளில் கதவு என்பது பெரும்பாலும் ஒரு மரியாதைக்காக இருந்ததே. கன்னக்கோல் கொண்டு அரைமணி நேரத்தில் சுவரில் ஆள் நுழையும் துவாரம் போட்டுவிட முடியும் என்னும்போது, கதவுக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டும் பிரயோஜனம் இல்லை. அந்த வீடுகளைக் காத்தவை, பக்கத்து வீட்டாரின் தூக்கம் கலையும் காதுகளும், தெருவில் கட்டில் போட்டுப் படுத்திருந்த பெரியவர்களும், முன்பின் அறியாத வாடை பட்டாலே குரைக்கும் நாட்டு நாய்களுமே. திருட்டு நடக்காமலில்லை, நடந்தால் உடனே தெரிந்தது.

செல்வர் வீடுகள் வேறுவிதமாகத் திட்டமிடப்பட்டன. திருமயம் வட்டாரத்தில் ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, குழிபிறை, பனையபட்டி, விராச்சிலை, ராங்கியம் முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டியெழுப்பிய வீடுகளுள் ஒன்றை வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து பார்த்தவர்கள், அதன் அழகை வியந்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அது எவ்வளவு நுட்பமான காவல் ஏற்பாடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தெரு மட்டத்திலிருந்து ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தப்பட்ட அடித்தளம். ஏறிச்சென்றால் முகப்பும், இருபுறமும் நீண்ட திண்ணைகளும். அதன்பின் பர்மாத் தேக்கில் இழைத்த நிலையும் கனத்த கதவும். அதைக் கடந்தால் வளவு, வளவைச் சுற்றிப் பத்தியும் அறைகளும். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை. கடைசியில் அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல். வானம் பார்த்த முற்றத்தின் மேல் இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ச்சப்பட்டிருக்கும். வருபவர் யார் என்பதைப் பொறுத்து அவர் எதுவரை வரலாம் என்பது தீர்மானமாயிற்று. வழிப்போக்கனுக்குத் திண்ணை, கணக்கு வழக்குப் பேச வந்தவருக்கு முகப்பு, உறவினருக்கு வளவு, பெண்டிர்க்கு இரண்டாங்கட்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் என்று, எவரையும் அவமதிக்காமலும் எவரையும் கண்மூடி நம்பாமலும் அந்த வீடு மனிதர்களைத் தரம் பார்த்து ஏற்றுக்கொண்டது.

திண்ணையே இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை. அது வீட்டுக்குச் சொந்தமானதாயினும் தெருவுக்குத் திறந்தது. அங்கே உட்கார எவரும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அங்கிருந்து உள்ளே செல்ல எவருக்கும் உரிமையுமில்லை. தண்ணீர்ச் செம்பு வெளியே வரும், அதோடு, “எந்த ஊரு அப்பு? யாரு வீட்டுக்கு வந்திய?” என்ற விசாரணையும் வரும். பதில் சொல்பவர் தம் ஊரைச் சொன்னால், அந்த ஊரில் இன்னாரைத் தெரியுமா என்று அடுத்த கேள்வி எழும். இரண்டு மூன்று பேர்களைக் கேட்பதற்குள் வந்தவர் மெய் சொல்கிறாரா என்பது கிழவிக்கு விளங்கிவிடும். நம் வட்டாரத்து மூதாட்டிகள் இந்தக் கலையில் எந்தக் காவல் அதிகாரிக்கும் குறைந்தவர்களல்லர். எனினும் இதன் குறையையும் மறைக்கலாகாது. ஊரைக் கேட்ட கேள்வி உடனே குலத்தைக் கேட்பதில் போய் முடிந்தது. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திண்ணை கிடையாது, செம்பு கிடையாது, தெருவோரமோ கொல்லைப்புறமோதான். பழைய விசாரணை முறையை மீட்கவேண்டும் என்று சொல்லும் எவரும் இந்த அநீதியை விலக்கிவிட்டு மீட்பதாகச் சொன்னாலன்றி அவர் பேச்சுக்குச் செவிசாய்க்கக் கூடாது.

அந்தத் திண்ணை போய்விட்டது. புதிதாக எழும் வீடுகள் தெரு எல்லையிலேயே மதில் எழுப்பி, கிரில் கேட் போட்டு, உள்ளே தொலைக்காட்சியின் சப்தத்தில் தெருவின் சப்தம் கேளாமல் அடைபட்டுக் கிடக்கின்றன. திவான் சேஷையா சாஸ்திரியார் 1878 முதல் 1894 வரை தம் நிர்வாகத்தில் திருத்தியமைத்த புதுக்கோட்டை நகரின் நேர்கோட்டு வீதிகள்கூட, ஒருவர் ஒரு முனையில் நின்றால் மறுமுனை வரை பார்வை செல்லும்படி அமைந்தவை. வீதி அப்படியே இருக்கிறது, திண்ணையிலிருந்து பார்க்கும் கண்கள்தாம் இல்லை. செட்டிநாட்டு வீடுகள் பலவும் ஆண்டில் ஒரு கல்யாணத்துக்கோ படைப்புக்கோ திறக்கப்பட்டு மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஊர்க்காவலின் கடைசிக் கண்ணியாக இருந்த தலையாரியும், 1980-இல் பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு, கிராம உதவியாளர் என்ற பெயரில் தாலுகா அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இடையே காகிதம் சுமப்பவராக மாறிவிட்டார். பரம்பரைப் பதவிகள் ஒழிந்தது நியாயமே. அவர்கள் செய்த இராச்சுற்றை வேறொருவரிடம் ஒப்படைக்காமல் விட்டதே பிழை.

இன்று அழையாமல் வருபவர்கள் யார் யார் என்று பார்த்தால், பயப்படத் தகாதவர்களைக் கண்டு பயப்படுவதும், எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர்களிடம் ஏமாறுவதுமாக நமது நிலை தலைகீழாக இருப்பது புலப்படும். விடியுமுன் வந்து நல்ல காலம் பிறக்கிறது என்று சொல்லிப்போகும் குடுகுடுப்பைக்காரர், பூம்பூம் மாட்டுக்காரர், சாணை பிடிப்பவர், அம்மி கொத்துபவர், ஊசியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாக ஒரே பாதையில் வந்துபோகிறவர்கள். அவர்கள் பிழைப்பே அடுத்த வருஷமும் அதே வாசலுக்கு வரமுடிவதில்தான் இருக்கிறது. அவர்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்ளும் அதே வீட்டில், சுத்தமாகச் சட்டை போட்டு, தோள்பையோடு, நகைக்கு மெருகு போட்டுத் தருவதாக மத்தியான வேளையில் வரும் இளைஞனுக்கு நாற்காலி போடப்படுகிறது.

அவன் செய்கிற காரியத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது அவசியம். முதலில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கையோ வெள்ளிக் கொலுசையோ கேட்டு வாங்கி, ஏதோ ஒரு பொடியைத் தேய்த்துப் பளபளக்கச் செய்து இலவசமாகக் கொடுத்துவிடுவான். நம்பிக்கை பிறந்தபின், கழுத்துச் சங்கிலியைக் கேட்பான். தன்னிடமுள்ள ஒரு திரவத்தில் அதை முக்கித் துலக்குவான். அந்தத் திரவம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் கலந்த ராஜதிராவகம். இவ்விரண்டில் எந்த அமிலத்துக்கும் தனியாக மசியாத தங்கம் இந்தக் கலவையில் கரையும். சங்கிலியின் மேற்பரப்பு கரைந்து திரவத்தோடு போய்விட, மிஞ்சியதை மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் இட்டு, டப்பாவை மூடி, அரைமணி கழித்துத்தான் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பிவிடுவான். திறந்து பார்க்கும்போது சங்கிலி அதே உருவத்தில் இருக்கும். தராசில் வைத்தால்தான் பவுன் குறைந்திருப்பது தெரியும். சில வேளைகளில் டப்பாவில் சங்கிலியே இராது. இதில் பூட்டு உடைபடவில்லை, சுவர் ஏறப்படவில்லை; கதவைத் திறந்துவிட்டவர் வீட்டுக்காரரே. கேமராவில் அவன் முகம் பதிவாகியிருக்கக்கூடும்; தடுத்திருக்கக்கூடியது, “யாரப்பா நீ, எந்தூரு, எங்க தங்கியிருக்க?” என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் எழுந்திருப்பதொன்றே.

வாசலில் வரும் மற்றொரு வகையினர் நுண்கடன் வசூலிப்போர். குழுவாகக் கடன்பெற்ற பெண்களின் வீட்டு வாசலில், தவணை தவறிய நாளில், பொழுது சாய்ந்த பின்னும் நகராமல் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி பேசுவது கிராமங்களில் எல்லோரும் அறிந்த சங்கதி. இவர்கள் திருடர் அல்லர் என்பதாலேயே இவர்களைப் பற்றி வீட்டுப் பாதுகாப்பு நூல்கள் பேசுவதில்லை. ஆயினும் ஒரு பெண் தன் வீட்டு வாசலில் தன் மானத்தோடு இருக்கும் உரிமையை இவர்களைப் போல் குலைப்பவர் வேறு எவருமில்லை என்றே சொல்வேன். இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நுண்கடன் நெறிமுறைகளின்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்காரரைத் தொடர்புகொண்டு வசூல் கேட்கக்கூடாது. இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்திலேயே வசூல் நடக்கவேண்டும். அங்கே கடன்காரர் அடுத்தடுத்து இருமுறை வராதபோதுதான் வீடு தேடிச் செல்லலாம். தமிழ்நாடு சட்டப்பேரவையும் 2025-இல் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. இந்த நேரக்கணக்கு ஒவ்வொரு மகளிர் குழுவின் குறிப்பேட்டிலும் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அரசாங்கத்தின் பேரால் வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின் அளவீட்டாளர், சுகாதாரச் செவிலியர், கணக்கெடுப்பாளர் ஆகியோர் அடையாள அட்டையுடன் வருபவர்கள்; அட்டையைக் கேட்டுப் பார்ப்பது அவர்களுக்கு அவமானமில்லை. 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், கணக்கெடுப்பாளரை வீட்டுக்குள் அனுமதிக்கவேண்டும் என்று விதிக்கும்போதே, தேசத்தின் வழக்கங்களை அனுசரித்து நியாயமான அளவுக்கே என்று எல்லை கட்டியிருக்கிறது. ராஜாங்கத்தின் ஊழியருக்கே வாசலின் மரியாதை இவ்வாறு நினைவூட்டப்பட்டிருக்க, மற்றவர்கள் அட்டை காட்டத் தயங்கினால் கதவு திறக்கவேண்டியதில்லை.

இரவில் வரும் ஆபத்து வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதைக் குறைத்து மதிப்பிடுவோர், 1995-க்குப் பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் வடநாட்டிலிருந்து லாரிகளில் வந்து, நெடுஞ்சாலையோரத்துத் தனி வீடுகளின் கதவைப் பெயர்த்து நுழைந்து, உறங்கியவர்களை அடித்துக் கொன்று கொள்ளையிட்ட கும்பலை மறந்துவிடலாகாது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டித் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தம் வீட்டிலேயே அவர்களால் கொல்லப்பட்ட பிறகுதான், எஸ். ஆர். ஜாங்கிட் தலைமையில் காவல்துறைத் தனிப்படை வடமாநிலங்களுக்குச் சென்று அவர்களைப் பிடித்தது. நமது மாவட்டத்திலேயே, 2021 நவம்பர் 21 அதிகாலையில், திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிச் சென்றவர்களைத் துரத்திக்கொண்டு கீரனூர்ப் பக்கம் வரை வந்து, அவர்களைப் பிடித்து நிறுத்தியிருந்த நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள். கிராமத்து ஏழைக்கு ஆட்டுப்பட்டியே வங்கி. ஆடு திருட்டை அற்பக் குற்றமாக எண்ணிப் புகாரையே பதிவு செய்யாமல் அனுப்பும் வழக்கம் எத்தனை தவறானது என்பதற்கு அந்த அதிகாரியின் உயிர் சாட்சி.

இத்தகைய வேளையில் குடிமகனுக்குச் சட்டம் தரும் உரிமை சிறியதன்று. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள், பழைய தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி, உடலையும் உடைமையையும் தற்காத்துக்கொள்ளும் உரிமையை வகுக்கின்றன. சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் வீட்டை உடைத்து நுழைபவனிடமிருந்து காத்துக்கொள்ளும்போது, அவ்வுரிமை தாக்கியவனின் மரணம் வரைக்கும்கூட நீளலாம். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேற்பட்ட தீங்கு கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே எழாது. கண்ணெதிரே கொடிய குற்றம் புரிந்தவனைக் குடிமகன் பிடித்துவைக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கட்டிவைத்து அடிப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018-ஆம் ஆண்டு, குழந்தை கடத்தும் கூட்டம் ஊருக்குள் நுழைந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்தியால் தமிழகத்தின் வடமாவட்டங்கள் கலங்கியிருந்த மே மாதத்தில், தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் வழியாகக் காரில் சென்ற ஒரு குடும்பம், வழி கேட்க இறங்கியது. அதில் இருந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான், ஊரார் திரண்டு அடித்ததில் அவர் உயிரிழந்தார். குலதெய்வத்தை மறவாத பக்தியும், குழந்தையைக் கண்டால் கையில் ஏதேனும் கொடுக்கும் வாஞ்சையும் நம் எல்லோருடைய பாட்டிமார்களுக்கும் உரிய குணங்கள். அவற்றையே குற்றத்தின் அடையாளங்களாகக் கொண்டு ஒரு பாட்டியைக் கொன்றோம்.

நமது மாவட்டமும் இப்பழியிலிருந்து தப்பவில்லை. 2022-இல், கோயில் பொருள்களைத் திருடியவர்கள் என்ற சந்தேகத்தின்பேரில், வெளிமாவட்டத்திலிருந்து ஆட்டோவில் வந்த ஒரு குடும்பத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தார் விரட்டிப் பிடித்துத் தாக்கினர். அந்தக் குடும்பத்தின் பத்து வயதுச் சிறுமி இறந்துபோனாள். பெரியவர்கள் திருடினார்களா இல்லையா என்பதை நிர்ணயிக்க நீதிமன்றம் இருக்கிறது. அந்தக் குழந்தை எந்த நியாயத்தின்படியும் அடி வாங்கவேண்டியவள் அல்லள். உழுகுடியையும் வழிப்போக்கரையும் தொடுவதில்லை என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய சீமையில் இது நடந்தது என்பதை எண்ணும்போது என் நெஞ்சு பதைக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17-இல் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில், கும்பல் வன்முறையைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறுப்பதிகாரி ஒருவரை நியமிக்க உத்தரவிட்டது. நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து, ஜாதி, மொழி, பிறந்த இடம் போன்றவற்றைக் காரணமாகக் கொண்டு ஒருவரைக் கொன்றால், அவர்களில் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உண்டு என்கிறது.

அந்நியர் எல்லோரும் ஆபத்து என்று நம்பத் தொடங்கியிருப்போர், 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரைகடந்த பிறகு நடந்தவற்றை நினைத்துப் பார்க்கட்டும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் தென்னை வேரோடு சாய்ந்து, கம்பங்கள் ஒடிந்து, வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருளில் கிடந்தபோது, அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் எவரும் நமக்கு முன்பின் தெரிந்தவர்களல்லர். மின்கம்பம் நடுவதற்கு வெளிமாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் நம் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் படுத்து எழுந்தார்கள். அந்நாட்களில் எந்த வீட்டிலும் கதவடைப்பு இல்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நல்ல பூட்டுதான். நிலையும் கொண்டியும் உறுதியாக இல்லையேல் அதுவும் உதவாது, ஏனெனில் திருடர் உடைப்பது பெரும்பாலும் பூட்டை அன்று, கொண்டியையே. கதவில் ஒரு பார்வைத் துவாரமும், பாதி திறந்து பேசுவதற்கு ஒரு சங்கிலியும், வாசலில் ஒரு விளக்கும் மலிவானவை, பயனுள்ளவை. கேமரா குற்றம் நடந்த பிறகு துப்புக்கு உதவும். நடக்குமுன் தடுப்பது குறைவு. ஊருக்குப் போகும்போது பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் தெரிவித்தால் ரோந்து வருபவர்கள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர். 1963-இல் தொடங்கிய ஊர்க்காவல் படையும், 1993-இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய காவல்துறை நண்பர்கள் இயக்கமும் ஜனங்களையும் போலீஸையும் இணைக்க முயன்றவை. பின்னது, 2020-இல் சாத்தான்குளம் காவல் மரணங்களை ஒட்டி எழுந்த கண்டனத்தில் தடைசெய்யப்பட்டது. லத்தியையும் அதிகாரத்தையும் கையில் கொடுத்துவிட்டு, பொறுப்பை மட்டும் எவரிடத்திலும் ஒப்படைக்காத எந்தக் காவலும் அந்தக் கதியைத்தான் அடையும்.

ஆகவே நாம் செய்யவேண்டியது, ஊரறிந்த ஒப்பந்தமாகக் காவலை மறுபடியும் அமைப்பதே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு முறை நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் ஒவ்வொருவரையும் நான் வேண்டிக்கொள்வது இது: தனியாக வசிக்கும் முதியோர் வீடுகளையும் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் தெருவாரியாக எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் அண்டை வீட்டார் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், காவல் நிலையத்தின் எண்ணையும் 112 என்ற அவசர எண்ணையும் ஒவ்வொரு வாசலிலும் எழுதி வையுங்கள், எந்த ஜாதி, எந்த மாநிலம் என்று பாராமல், ஊருக்குள் வரும் எவரையும் மரியாதையாக விசாரிப்பது, சந்தேகம் தோன்றினால் காவல்துறைக்குத் தெரிவிப்பது, எக்காரணத்தைக் கொண்டும் கை வைப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றி, அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுதச் செய்யுங்கள்.